சந்தனம் வைத்த ஓவன்

அந்த அக்கா தன் ஆயுசில் ஒரு தப்பும் செய்ததில்லை. நான் சொல்லவில்லை, அவளே சொன்னது. கேக் கருகினால் மாவு சரியில்லை. மாவு நன்றாக இருந்தால் கோழி சரியில்லை, அது இட்டது கூமுட்டை. கோழியும் யோக்கியம்தான் என்று தெரிந்துவிட்டால் கடைசியில் கரண்டு. கரண்டு என்றால் நான்.

அப்போது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். சுற்றுப்பட்டு ஊர்களில் வீட்டு வயரிங்கும் பார்ப்பேன். அக்கா வீடு வந்தவாசி ரோட்டில் கொஞ்சம் தள்ளி, ஏரிக்கரையை ஒட்டின ஊரில் இருந்தது. நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அவள் தம்பிக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, முதல் போனஸில் அக்காவுக்கு மின்சார ஓவன் வாங்கிக் கொடுத்தான். அதற்குத் தனியாகத் தடித்த வயர் இழுத்து பிளக் வைத்தது நான்தான். மறுநாள் காலை நாஷ்டா வாயில் இருக்கும்போதே போன் வந்தது.

“ஏம்பா ஒயர்மேன், இன்னா பிளக்கு வெச்சிட்டுப் போன? ஓவன் ஐஸ் பொட்டி கணக்கா கீது.”

அடித்துப் பிடித்து ஓடினேன். டெஸ்டரை வைத்துப் பார்த்தால் கரண்டு ஜம்மென்று வருகிறது. அந்த ஓவனில் மூன்று குமிழ்கள். ஒன்று சூட்டுக்கு, ஒன்று மேல்கம்பியா கீழ்க்கம்பியா என்பதற்கு, ஒன்று நேரத்துக்கு. நேரக் குமிழைத் திருப்பினால்தான் சூடே ஏறும். அவள் அதைத் தொடவே இல்லை.

“அக்கா, கடைசிக் குமிழ நீங்க திருப்பவே இல்லியே.”

“திருப்பணும்னு நீ சொன்னியா?”

“நான் பிளக்கு மாட்ட வந்தவன்க்கா.”

“பிளக்கு மாட்டத் தெரியுது, ஒரு வார்த்த சொல்லத் தெரியல. அப்ப யார் மேல தப்பு?”

யார் மேல் தப்பு என்று யோசித்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன். பாதி வழியில் என் மேல்தான் போலிருக்கிறது என்று எனக்கே தோன்றிவிட்டது. அவள் பேச்சுக்கு அப்படி ஒரு சக்தி.

அக்காவுக்குக் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவள் வாய்தான், அதனால் விட்டுப்போயிற்று. சின்ன வயதில் ஒரு காய்ச்சலில் பார்வை போனதாம். சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தாள். கேக்கும் பிஸ்கட்டும் செய்யக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். அம்மா போன பிறகு ஊரோடு வந்து அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு அந்த அடுப்படியில் ஒரு கரண்டியை இடம் மாற்றி வைத்தவர்கள் யாரும் நிம்மதியாகச் சோறு தின்றதில்லை.

அவள் வைத்திருந்த சாமான்களைப் பார்க்கவே நான் வேலை இல்லாத நாளிலும் போயிருக்கிறேன். பேசுகிற தராசு ஒன்று இருந்தது. மாவைக் கொட்டக் கொட்ட ஒரு பெண் குரல் இங்கிலீஷில் எடை சொல்லும். அக்காவுக்கும் அதற்கும் ஓயாத தகராறு. “இருடி, கொட்டி முடிக்கறதுக்குள்ள இன்னா அவசரம் உனக்கு?” என்பாள். பாத்திரத்தை எடுத்துவிட்டால் அது ‘மைனஸ்’ என்று ஆரம்பிக்கும். “யார மைனஸ்ன்ற நீ?” என்று அதன் தலையில் ஒன்று வைப்பாள். நிறைய விடுதித் தோழிகளோடு இருந்து பழகினவள், ஊரில் சண்டை போட அந்தத் தராசுதான் கிடைத்தது என்று நினைத்துக்கொள்வேன்.

டம்ளர் விளிம்பில் மாட்டுகிற சின்னக் கருவி ஒன்று. பாலோ தண்ணீரோ அது வரைக்கும் வந்துவிட்டால் கீ கீ என்று கத்தும். கேக்குக்குப் பால் அளக்க வாங்கினது. அவள் அதை அப்பாவின் காபிக்கும் மாட்டிவிடுவாள். “விடிஞ்சா போதும், இந்தக் காபி கோழிக்குஞ்சு கணக்கா கத்திக்கினு கீது” என்று அவர் எல்லோரிடமும் புலம்புவார். ஆனால் கத்தாத காபியை அவர் குடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மீதியெல்லாம் அவளே செய்துகொண்டது. ஆப்ப சோடா டப்பாவுக்கு இரண்டு ரப்பர் பேண்டு, பேக்கிங் பவுடர் டப்பாவுக்கு ஒன்று. ஓவனுக்குள்ளிருந்து தட்டை இழுக்க, நுனியில் வெட்டு வைத்த ஒரு மரக்கோல். முழங்கை வரைக்கும் வருகிற தடித்த கையுறை. குமிழைச் சுற்றி அச்சடித்திருக்கும் எண்கள் அவளுக்கு எதற்கு? கேக் வேகிற சூட்டுக்கு நேராக, உப்பலான ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டித் தரச் சொன்னாள். ஒட்டினேன். குமிழின் முனை பொட்டில் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். கேக் வெந்துவிட்டதா என்று பார்க்க ஈர்க்குச்சி குத்துவது எல்லோரும் செய்வது. அக்கா காதையும் கொடுப்பாள். வேகாத கேக்குக்குள் சின்னச் சின்னதாக நொறுங்குகிற சத்தம் இருக்கும், வெந்தால் அடங்கிவிடும் என்பாள். எனக்கும் ஒரு தடவை கேட்கச் சொன்னாள். காது சுட்டதுதான் மிச்சம். அதுவும் என் தப்புதானாம், காதைப் பக்கத்தில் கொண்டுபோனேனாம்.

வேர்க்கடலை பிஸ்கட் அவள் கைப்பக்குவம். எங்கள் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒரு கண்ணாடி பாட்டில் முழுக்க அவளுடைய பிஸ்கட்தான். ஒரு வாரம் உப்பு தூக்கலாக இருக்கிறது என்று கடைக்காரர் என்னிடம் சொல்லிவிட, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் அக்காவிடம் சொல்லிவிட்டேன். மறுநாளே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். பிஸ்கட்டை ஒரு கடி, டீயை ஒரு மடக்கு.

“உன் டீல சக்கரய கொட்டி வெச்சிக்கினுகீற. இத்த குடிச்சிட்டு அத்த தின்னா உப்பு கரிக்காம இன்னா செய்யும்?”

கடைக்காரர் அன்றிலிருந்து சர்க்கரையைக் குறைத்துவிட்டார். அவளைப் பற்றி யாராவது என்னிடம் ‘பாவம்’ என்று சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். பாவம் நாங்கள்.

அவள் அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வராது. நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். குரல் பெரியது, மனசு சின்னக் குழந்தை போல எதற்கும் பயப்படும். விறகடுப்பில் அவள் குழம்பு வைத்தபோது சும்மா இருந்தவர், ஓவன் வந்ததும் தூக்கத்தைத் தொலைத்தார். ஒரு நாள் தட்டை எடுக்கும்போது மணிக்கட்டில் சுட்டுக்கொண்டாள். வளையல் கையுறையைத் தள்ளிவிட்டதாம், வளையல் மேல்தான் தப்பாம். வளையல்காரன் வரைக்கும் திட்டு போயிற்று. நைனா கேட்கவில்லை.

“இத பார். இன்னொரு தபா எதுனா ஆச்சுன்னு வெச்சிக்கோ, பொட்டிய தூக்கி பரண் மேல போட்டுடுவேன். அப்புறம் நீ அடுப்பாண்டையே போகக் கூடாது.”

அக்கா அதற்கும் ஏதோ சொல்லிச் சமாளித்தாள். ஆனால் அவர் போன பிறகு ஓவன் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். “வெளிய போனா ஆளாளுக்கு என் கையப் புடிச்சிக்கினு இட்டுகினு போறாங்க. இந்த ரூம்ல மட்டுந்தாம்பா என் கைய யாரும் புடிக்கறதில்ல” என்றாள். நான் ஸ்விட்ச் போர்டைத் துடைப்பது போல் பாவனை செய்தேன்.

அந்த வருஷம் ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் தாமல் ஊர்க்காரி. ஒல்லியாக, கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புகிற பெண். வந்த வாரமே அம்மிக் குழவியைக் காலில் போட்டுக்கொண்டாள். நைனா போட்ட சத்தத்தில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. அது பரவாயில்லை. அதே வாரம் அவர்களுடைய போர்வெல் மோட்டாரும் எரிந்துபோயிற்று. எரிந்தது பழைய காயில், நான்தான் கழற்றிப் பார்த்தேன். ஆனால் தெருவில் இரண்டு மூன்று பெண்கள், “மருமவ வந்த ராசி” என்று இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நம் பக்கத்தில் அந்த ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டால் அவ்வளவுதான். பிறகு மாடு செத்தாலும் மழை பெய்யாவிட்டாலும் அந்தப் பெண்தான் பதில் சொல்ல வேண்டும். அவள் காதிலும் அது விழுந்திருந்தது. அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் பயந்து பயந்துதான் தொடுவாள்.

அக்கா அவளை அடுப்படிக்குள் விட்டதே பெரிய அதிசயம். “சாமான இருக்கற எடத்துல வெச்சிடு, வாய் பேசாம நில்லு, உனுக்கும் எனுக்கும் ஒரு பேஜாரும் இல்ல” என்று சட்டம் போட்டிருந்தாள். பெண் அந்தச் சட்டத்தை அப்படியே காப்பாற்றினாள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் தொழிலில் அது பெரிய நாள். கடையில் இருக்கிற ஸ்பேனர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, அன்று ஒன்றையும் தொடாமல் ஓய்வு கொடுப்போம். அக்காவும் விடவில்லை. “என் மிஷினுக்கெல்லாம் நல்லா தொடச்சி பொட்டு வெய்யி. அதுங்களும் ஒழைக்குது இல்ல?” என்று தம்பி பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறாள். பேசுகிற தராசுக்கும், கத்துகிற கருவிக்கும், கையுறைக்கும் கூடச் சந்தனம். இவ்வளவும் சரிதான்.

அந்தப் பெண் ஓவனைப் பளபளவென்று துடைத்தாள். துடைக்கும்போது குமிழ் ஓரத்தில் ஒரு பழைய ஸ்டிக்கர் பொட்டு. குளிக்கப் போகும்போது நெற்றிப் பொட்டை எடுத்துக் கண்ணாடியில், கதவில், கைக்குக் கிடைத்த இடத்தில் ஒட்டிவிடுவது எல்லா வீட்டுப் பெண்களும் செய்வதுதான். யாரோ அப்படி ஒட்டி மறந்தது என்று நினைத்து நகத்தால் பெயர்த்துவிட்டாள். பெயர்த்துவிட்டு, மூன்று குமிழுக்கும் வலது பக்கமாக வரிசையாக, அழகாக, கெட்டிச் சந்தனம் வைத்து மேலே குங்குமம் இட்டாள்.

மறுநாள் விஜயதசமி. எந்த வேலையையும் புதிதாகத் தொடங்குகிற நாள். அக்கா டீக்கடைக்கு ரவை கேக் செய்ய மாவைக் கலந்து, ஓவனைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, குமிழைப் பொட்டு வரைக்கும் திருப்பினாள். கொஞ்சம் அதிகமாகத் திரும்புகிறதே என்று அவளுக்கே பட்டதாம். ஆனால் விரலுக்குச் சந்தனம் தட்டியது. பொட்டின் மேலேயே பொட்டு வைத்திருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டாள். வீட்டில் நைனா போட்ட சாம்பிராணிப் புகை வேறு. மூக்கால் பாதி சமைக்கிறவளுக்கு அன்று மூக்கும் வேலை செய்யவில்லை.

ஓவன் புகைகிறது என்று போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் தெருவே நின்றது. நைனா மெயினை அணைத்துவிட்டு, கையில் ஒரு குடம் தண்ணீரோடு ஓவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊற்றியிருந்தால் ஓவன் செத்திருக்கும். குடத்தை வாங்கி வைத்தேன். உள்ளே கேக் கரிக்கட்டையாக இருந்தது. அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை, புகையில் இருமிக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய கையைப் பிடித்து அடுப்படிக்கு வெளியே இழுத்து வந்து நிறுத்தியிருந்தார்.

பிளக்கைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. குமிழைப் பார்த்தேன். முனை கடைசிச் சூட்டில், சந்தனப் பொட்டில் போய் நின்றிருந்தது. நான் ஒட்டின பொட்டைக் காணவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பினால் கதவோரம் அந்தப் பெண் நிற்கிறாள். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். முகத்தில் ரத்தம் இல்லை.

அக்கா கையை விடுவித்துக்கொண்டு உள்ளே வந்தாள். குமிழைத் தடவினாள். சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். அடியில் பொட்டு இல்லை. அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இன்னாதான் ஆச்சு? சொல்லித் தொலைங்களேன்!” என்று கத்தினார் நைனா. வாசலில் ஒரு குரல், “புது மருமவ வந்த வூடு, விஜயதசமி அதுவுமா...” என்று தொடங்கியது.

நான் தயாராகத்தான் இருந்தேன். பிளக்கு என்பாள், வயர் என்பாள், வாங்கிக்கொள்ளலாம் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“என் தப்புதான் நைனா” என்றாள் அக்கா. “நாந்தான் ஜாஸ்தியா திருப்பிட்டேன்.”

எனக்கு என் காதுமேலேயே நம்பிக்கை போயிற்று. நைனாவும் ஒரு கணம் விழித்தார். “பெரிப்பா, அது வந்து...” என்று நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை ஒரு மிதி மிதித்தாள். கண் தெரியாதவள் எப்படி அவ்வளவு சரியாக மிதித்தாளோ, இன்றைக்கும் தெரியாது.

சொன்ன சொல்லை நைனா காப்பாற்றினார். அன்றே ஓவன் பரணுக்குப் போயிற்று. ஒயரைப் பிடுங்கியது நான். கிளம்பும்போது அக்கா கொல்லைப் பக்கம் வந்தாள்.

“ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? அந்தப் பொண்ணுக்குத் தெரியாம ஆனதுதான, சொன்னா போச்சு.”

“உனுக்கு ஒயரு தெரியும், ஊரு தெரியாது. மோட்டாரு எரிஞ்சதே அது ராசின்றாளுங்க. இதுவும் சேந்தா அந்தப் பொண்ணு இந்த வூட்ல எப்பிடிப்பா தலய நிமுத்தும்? இன்னும் தலை தீவாளி கூட ஆவல.”

“உங்க ஓவன்?”

அவள் மூக்கை உறிஞ்சினாள். புகை இன்னும் போகவில்லை என்றாள்.

அடுத்த நாட்களில் மிக்சி பழுது பார்க்க ஒரு தடவை போனேன். அக்கா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரையில் மண் இருந்தது, யாரையும் திட்டவில்லை. மிக்சி மறுபடி நின்றது, என்னையும் திட்டவில்லை. எனக்கு அந்த வீட்டில் உட்காரவே பிடிக்கவில்லை. டீக்கடையில் பிஸ்கட் பாட்டில் காலியாகி, கடைக்காரர் அதில் வேறு ஏதோ முறுக்கைப் போட்டு வைத்தார். நான் அதைத் தொடவில்லை.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. “அண்ணா, கொஞ்சம் வந்து பிளக்கு மாட்டிக் குடுங்கண்ணா.” அவள் என்னிடம் பேசியதே அதுதான் முதல் தடவை.

போனால் ஓவன் பழைய இடத்தில் இருக்கிறது. ஏணி போட்டு, தனி ஆளாக இறக்கியிருக்கிறாள். தலையெல்லாம் ஒட்டடை. அக்கா பக்கத்தில் நின்று, “ஏய், வேணாம்டி, நைனா வந்தா உன்ன உரிச்சிடுவாரு” என்று கையைப் பிசைகிறாள். அந்தப் பெண் காதில் வாங்கவில்லை. தன் புதுப் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து, “எங்க ஒட்டணும் சொல்லுங்க அண்ணி” என்றாள். அக்கா அவள் விரலைப் பிடித்துக் குமிழின் ஓரமாக நகர்த்தி நகர்த்தி ஓர் இடத்தில் நிறுத்தினாள். சரியான இடம். நான் அச்சடித்த எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

மாவு உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் வாசனை வாசலுக்கு வந்துவிட்டது. கழனியிலிருந்து நைனாவும் வந்துவிட்டார். மண்வெட்டியைக் கூடக் கீழே வைக்கவில்லை.

“பொட்டிய யார் எறக்கனது?”

“நாந்தான்” என்றார்கள் இரண்டு பேரும்.

“அண்ணி இல்ல மாமா, நாந்தான். அன்னிக்கும் நாந்தான். அவங்க பொட்ட பேத்து எடுத்ததும் நான், சந்தனத்த எடம் மாத்தி வெச்சதும் நான். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. என் ராசின்னு சொல்றதுன்னா சொல்லிக்குங்க.” அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் தலையைக் குனியவில்லை. வாசலில் யாராவது நின்றிருந்தால் அவர்களுக்கும் கேட்டிருக்கும்.

நைனா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். மருமகளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ராசி என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஓவனுக்கு முன்னால் போய்க் குந்தினார். “எங்க, அந்தப் பொட்டு எங்க கீது?” என்று கட்டை விரலால் தடவினார். காய்ப்புக் காய்த்த விரல், அதற்கு ஒன்றும் தட்டவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு குமிழைப் பிடித்தார். பிடித்துத் திருப்பியும் விட்டார்.

“நைனா! உள்ள கேக்கு வேவுது! கைய எடு! சூட்ட கொறச்சிட்டியா? ஐயோ, அமுங்கிடும், அமுங்கினா உன் தப்பு, சொல்லிட்டேன்!”

கேக் நடுவில் குழியாக அமுங்கித்தான் போயிற்று. அவர் அதைத் தட்டோடு தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் குழியிலிருந்தே கிள்ளிக் கிள்ளித் தின்றார். சாயங்காலம் டீக்கடை வரைக்கும் வந்து, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்:

“வூட்ல பொண்ணுங்க ரெண்டும் நல்லாத்தாம்பா செஞ்சிதுங்க. நாந்தான் நடுவுல கைய வெச்சி கெடுத்துட்டேன்.”